ஒரே அளவு மூட்டைகள்

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் மறைக்காமல் இதில் எழுதப்போகிறேன். இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியபோது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். புது நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அந்த நோட்டு என்ன காரியம் செய்தது என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பாவுக்கே பாதிதான் தெரியும். அடுத்த வாரம் நீ போர் நடக்கிற ஒரு நாட்டுக்கு நிவாரண வேலைக்குப் போகிறாய். நேரில் சொல்லத் தொடங்கினால் எனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவேன். எழுதினால் முழுக்க எழுதிவிடுவேன் என்று தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து உன் வேலையைக் காட்டினாய். அந்த ஊர்ப் பெண்களே நடத்தும் சிறிய சங்கங்களுக்குப் பொருள்கள் போய்ச் சேர வழி செய்வதுதான் உனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு என்றாய். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு ஒரு படிவத்தைத் திறந்தாய். பெயர், வயது, கணவர் பெயர், உயிரோடு இருக்கிறாரா இல்லையா, எந்த வகைப் பாதிப்பு, கடைசியில் அகலமாக ஒரு கட்டம், அதன் தலையில் 'குறிப்பு'. "இதையெல்லாம் அந்தப் பொம்பளைங்க நிரப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டேன். "டேட்டா இல்லாம ஒரு பெட்டிகூட ரிலீஸ் ஆகாதும்மா" என்றாய். நான் எழுந்துபோய்க் கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லடா" என்றேன். அது உண்மை இல்லை.

எண்பதுகளின் நடுவில், இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலேறித் தாம்பரம் வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு ரஹீம் பாய் இடம் கொடுத்தார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்தவர். கீழ்க்கட்டளை போகிற வழியில் அவருக்கு ஒரு பழைய தோல் கிடங்கு மூடிக் கிடந்தது. நீளமான ஓட்டுக் கொட்டகை, முன்னால் ஒரு பெரிய முற்றம், ஒரு கிணறு. மழை பெய்தால் சுவரிலிருந்து தோல் வாடை கிளம்பும். உன் பாட்டி, அதாவது என் அம்மா, அப்போது கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். அங்கே மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். வீடு வீடாகப் போய்த் துணியும் பாத்திரமும் பால்மாவும் சேகரித்து, பள்ளிக்கூடத்தில் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நிவாரணக் கமிட்டி என்று ஒன்றும் வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்த தணிகாசலம் சார். நல்ல மனிதர் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன், பின்னால் நீ வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. கொட்டகைக் கூரையில் ஓடு உடைந்த இடத்துக்கெல்லாம் தன் கடைத் தார்ப்பாயைத் தானே ஏறிக் கட்டியவர்.

அம்மாவோடு முதல் முறை நான் அங்கே போனபோது, ஏழைகளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர்கள் வந்து அப்போது பத்து நாள்கூட ஆகியிருக்காது. பெண்கள் குளிக்கக் கோணிச் சாக்கால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். கல்யாணமாகாத பெண்கள் படுக்கக் கொட்டகையின் உள்கோடி, அதன் வாசலில் முறை வைத்து இரண்டு பெண்கள் காவல். பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு பெண் பொறுப்பு. யாருக்குக் காய்ச்சல், எந்தத் தாய்க்குப் பால் வற்றிவிட்டது, யார் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் ஒவ்வொரு ராஜாவும் குளம் வெட்டினார், சாலை போட்டார் என்று எழுதியிருக்கும். ஆட்சி என்றால் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்தத் தோல் கிடங்கில்தான். உதவி செய்ய நாங்கள் போய்ச் சேருவதற்குள் பாதி வேலையை அவர்கள் முடித்திருந்தார்கள்.

இதையெல்லாம் நடத்தியவர் மங்கை அக்கா. நாற்பது வயதிருக்கும். அவர்கள் ஊரில் தபால் கந்தோரில், அதாவது தபாலாபீசில், வேலை பார்த்தவர். கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை, முகம் பார்த்தவுடன் வீடு சொல்லும் நினைவு. அன்றைக்கு இருட்டிய பிறகும் அவரோடு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஆகாயத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. தாம்பரத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம், நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். கொட்டகைக்குள் எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். சுவர் ஓரத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்ததையும், பிள்ளைகளெல்லாம் சத்தமே இல்லாமல் குப்புறப் படுத்துவிட்டதையும் பிறகுதான் பார்த்தேன். இரைச்சல் தேய்ந்து போனதும் மங்கை அக்கா, "குறை நினையாதேங்கோ டீச்சர், காதுக்கு இன்னும் இடம் மாறினது விளங்கேல்லை" என்றார்.

அவர்கள் பொருள் பங்கிடும் முறையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வீட்டுக்கு ஒருத்தி என்று சொன்னேனே, அவர்கள் கிணற்றடியில், தலை துவட்டும்போது, பேன் பார்க்கும்போது, யாருக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொள்வார்கள். அது மங்கை அக்காவுக்கும் அவரோடு இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் போகும். அந்த மூன்று பேரைத் தாண்டாது. பிறகு பழைய சேலைகளை ஒரே அளவாகக் கிழித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூட்டை கட்டுவார்கள். உள்ளே ஒருத்திக்குப் பால்மா, ஒருத்திக்குத் தீட்டுத் துணி, ஒருத்திக்கு மருந்து. வெளியே எல்லா மூட்டையும் ஒரே அளவு. பொருள் குறைவாக இருந்தால் வைக்கோல் வைத்துப் பருமனாக்கிவிடுவார்கள். தோல் கிடங்கின் சுவரில் சாயப் பொடி வைக்கிற மாடங்கள் வரிசையாக இருந்தன. தபால் அறையில் பிரித்து வைப்பது போல மூட்டைகள் அதில் ஏறும். யாருக்கு எந்த மாடம் என்பது மங்கை அக்காவின் தலைக்குள் இருந்தது. முற்றத்தைத் தாண்டி மூட்டையோடு போகிற பெண்ணைப் பார்த்து, இவளுக்கு என்ன வந்திருக்கிறது, இவள் வீட்டில் என்ன இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மானத்தை இவ்வளவு எளிதாக, ஒரு முழம் பழந்துணியில் கட்ட முடியும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் துணி கிழிக்க நானும் போனேன். சேலையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். சின்னப் பெண்தானே என்று என் முன்னாலேயே பேசுவார்கள். இரண்டாவது வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மங்கை அக்கா பார்த்துவிட்டார். "என்ன பிள்ளை, எழுதிறீரோ?"

"ஆமாக்கா. நடந்ததையெல்லாம் உண்மையா எழுதி வெக்கணும்னு."

"உந்த நோட்டை மூடும். எங்கட ஊரிலையும் உப்பிடித்தான் நிவாரண லிஸ்ற் எண்டு எழுதினவை. பேர், வயசு, வீட்டிலை எத்தினை ஆம்பிளையள். நல்ல மனிசர்தான் எழுதினவை. ஒரு கிழமைக்குப் பிறகு அதே கடதாசியோடை வேறை ஆக்கள் வந்தவங்கள். வரிசைப்படி வீடு வீடாக் கூப்பிட்டவங்கள்." துணியை விடாமல் கிழித்துக்கொண்டே சொன்னார். "எழுத வேண்டாம். மனசிலை வையும். சரியோ?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்து, மனதில் வைத்திருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்கள்மேல் எனக்கு இருந்த பிரமிப்புதான் எழுத வைத்தது. இவ்வளவு பெரிய விஷயம் எழுதாமல் போனால் உலகத்துக்கு நஷ்டம் என்று அந்த வயதில் நான் நிஜமாகவே நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைச் சேலை விவகாரம் வந்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் விதவைகளுக்கு என்று வெள்ளை வாயில் சேலைகள் கொடுத்திருந்தார். எத்தனை விதவைகள் என்று தணிகாசலம் சார் கேட்டார். மங்கை அக்கா சொல்ல மறுத்தார். எல்லாருக்கும் பூப்போட்ட சேலையே தாருங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்றார். சாருக்குக் கோபம். எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம், "இன்னா டீச்சரம்மா இது, ஒரு லிஸ்ட் கேட்டா குட்க்க மாட்டேன்றாங்க. நாளிக்கு எவனாவது வந்து யாருக்கு குட்த்தேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? அந்தம்மா மண்டைய தொறந்தா காட்ட முடியும்?" என்றார். அவர் நியாயம் அவருக்கு. எதைக் கொடுத்தாலும் முற்றத்தில் மைக் வைத்து, பெயர் வாசித்து, எல்லார் கண்ணெதிரிலும் கொடுத்தால்தான் நேர்மை என்பது அவர் வழக்கம். கோயில் விழாவிலும் பள்ளி விழாவிலும் அப்படிச் செய்துதான் அவருக்கு நல்ல பெயர்.

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காரணம் தெரியாததால்தானே இவர் கோபப்படுகிறார் என்று தோன்றியது. எனக்குக் காரணம் தெரியும். சிவகாமி என்று ஒரு பெண், இருபத்து மூன்று வயது. மாமியார் பாக்கியம் அம்மாவோடு கொட்டகையில் இருந்தவள். அவள் கணவர் கரையிலேயே இறந்துவிட்டார். பாக்கியம் அம்மா அதற்கு முந்தைய படகில் ஏறியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. மகன் அடுத்த படகில் வருவான் என்று தினமும் அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவார். சிவகாமி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதை மடிப்பாள். மாமியாருக்கு நெஞ்சு வலி, கொஞ்சம் தேறட்டும், தானே சொல்கிறேன் என்று மங்கை அக்காவிடம் அவள் சொன்னபோது நான் சேலையின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அவளுக்கு வெள்ளைச் சேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டேன். வரிசை எண், பெயர், வயது, தேவை, குறிப்பு. நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து, மணி மணியான எழுத்தில், அத்தனை குடும்பத்தையும் எழுதினேன். யாரிடமும் கேட்காமல், மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அச்சடிச்ச மாதிரி கீது கண்ணு. அவங்க சொல்லி நீ எழுதினியா?" "ஆமா சார்" என்றேன். உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட பெண் சொன்ன பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் மைக் வைத்தார்கள். எப்படியோ மங்கை அக்காவே பட்டியல் கொடுத்துவிட்டார் என்று கமிட்டியும், கமிட்டியே ஏதோ குத்துமதிப்பாக வாசிக்கப்போகிறது என்று பெண்களும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழாவில் பெயர் வாசிக்கிற அதே ராகத்தில் சார் வாசித்தார். என் எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, முன்னால் ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் சில பெயர்களுக்குக் குறிப்பில் ஒன்றும் இல்லை. "வரிசை எண் பதினேழு. சிவகாமி. வயது இருபத்தி மூணு. குறிப்பு: கணவர் இறந்த செய்தி மாமியாருக்குத் தெரியாது. வெள்ளை…" அங்கே நின்றார். தாளைக் கீழே இறக்கினார். மைக் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் பாக்கியம் அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஆரைப் பற்றி வாசிக்கினம்?" என்று கேட்டார். அவர் திரும்பி மருமகளைப் பார்த்தார். சிவகாமி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கொடியில் அன்றைக்கு நனைத்த சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

பாக்கியம் அம்மா அழவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த வாரம் முழுக்க நான் அங்கே போகவில்லை. பெண்கள் முறை வைத்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். ஒருத்தி சோறு ஊட்டுவாள், ஒருத்தி கால் பிடிப்பாள், ஒருவரும் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. ரகசியம் தெரிந்தது மூன்றே பேருக்கு. அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் துணி கிழித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை கட்டுவது நின்றுவிட்டது. யார் எதைச் சொன்னாலும் மைக்கில் வந்துவிடும் என்று கிணற்றடியில் பேச்சும் நின்றுவிட்டது. என் பட்டியல் ஒரு மாமியாரின் மனதை உடைத்ததோடு நிற்கவில்லை. அந்தக் கொட்டகை எதன்மேல் நின்றதோ அதையே உடைத்துவிட்டது. தணிகாசலம் சார் வெட்கத்தில் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் வெட்கம் கோபமாகிவிட்டது. அவங்களே எழுதிக் குடுத்துட்டு இப்போ நம்ம மேல பழி போடறாங்க, சனிக்கிழமை கூட்டம் போட்டுக் கொட்டகையைக் கமிட்டியே எடுத்து நடத்தும், அந்தப் பெண்களே நடத்துவதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அவங்க சொல்லித்தான் எழுதினியா?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்தாள். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு எழுதும்போதுதான் தெரிகிறது, சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மங்கை அக்கா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சார் பேசினார். ஒழுங்கு வேண்டும், பதிவு வேண்டும், சாவியை டீச்சரம்மா கமிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார். அப்புறம் மங்கை அக்காவைப் பார்த்து, "உங்க ஆளுங்கதான் சொல்லி எழுத வெச்சாங்கன்னு இந்தப் பொண்ணே சொல்லுது. இல்லன்னு சொல்லுவியாம்மா? கண்ணு, நீயே எழுந்து சொல்லு" என்றார்.

மங்கை அக்கா என்னைப் பார்த்தார். அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நோட்டைக் கண்டவர் அவர்தானே. நான் செய்ததை அவர் சொல்லிவிட்டால் கொட்டகை அந்தப் பெண்கள் கையிலேயே இருக்கும். அவர் எழுந்து, "பிள்ளையைச் சபையிலை கேக்க வேண்டாம்" என்றார். "ஒரு மனிசியின்ரை விசயத்தைச் சபையிலை வாசிச்சு அவ படுகிற பாடு போதும். இன்னொருத்தரையும் அப்பிடி வாசிக்க வேண்டாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மகனே, பெருந்தன்மை என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி பெஞ்சுதான் தெரியும். எழுந்தேன். அவர்கள் யாரும் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்று மங்கை அக்கா தடுத்தார், நான் கேட்காமல் எழுதினேன், கேட்காமல் கொடுத்தேன், சாரிடமும் அம்மாவிடமும் பொய் சொன்னேன் என்றேன். குரல் எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியவில்லை. தணிகாசலம் சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் அதை மாட்டுவதற்குள் ரயில்வே போர்ட்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஸ்டேஷனில் ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறது, சிலோன்காரர்கள், பிள்ளைகுட்டிகளோடு, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறார்கள் என்றார். மங்கை அக்கா எழுந்துவிட்டார். கமிட்டிக்காரர் ஒருவர், "இருங்கம்மா, மொதல்ல எத்தினி பேர்னு ஒரு லிஸ்ட்டு…" என்று ஆரம்பித்துப் பாதியில் தானே நிறுத்திக்கொண்டார். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மேஜைக்குப் போவாள் என்று எல்லாரும் பார்த்தோம். மேஜையைத் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போய், மங்கை அக்காவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "சாவி எங்கிட்ட இருந்தது தப்பு சார். அது இருக்க வேண்டிய எடம் இதுதான்" என்று சாரிடம் சொன்னாள். என்னிடம், "நீயும் கெளம்பு. தண்ணி தூக்க ஆள் வேணும்" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அன்றைக்கு நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன். வந்தவர்கள் கொட்டகை சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பெண்கள் யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு மாற்றுத் துணி. கூட்டத்தில் இரண்டு பெண்கள் யார் தொட்டாலும் ஒடுங்கினார்கள். ஒருத்தி அதைக் கவனித்து, ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களை உள்கோடிக்குக் கூட்டிப்போய்ச் சேலையைத் திரையாகக் கட்டிவிட்டாள். ஒரு வாரமாகப் பேசாமலிருந்த அந்த மூன்று பேரும் எப்போது ஒன்றாக உட்கார்ந்தார்களோ, மாடங்களில் மூட்டைகள் ஏறத் தொடங்கியிருந்தன. தணிகாசலம் சார் சைக்கிளில் பின்னாலேயே வந்துவிட்டார். முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மங்கை அக்காவிடம் போய், "நான் இன்னா செய்யணும், சொல்லும்மா" என்றார். "முத்தத்திலை வெளிச்சம் காணாது அண்ணை. அதைப் பாருங்கோ" என்றார் அவர். சார் கடைக்குப் போய் வயரும் பல்புகளும் கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினார்.

விளக்குகள் எரிந்து கொஞ்ச நேரத்தில் விமானச் சத்தம் கேட்டது. புதிதாக வந்தவர்கள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தார்கள். கஞ்சிப் பானை கவிழ்ந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் பெண் கையைத் தூக்கிவிட்டாள். அப்போது ஒரு குரல், "நூக்காதை, எரியட்டும்" என்றது. பாக்கியம் அம்மா. ஆறு நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. எழுந்து நடந்துபோய், பிள்ளையை அணைத்துக்கொண்டு மண்ணில் கிடந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது பழகிற பிளேன், மேனை. ஒண்டும் போடாது. ஆகாயத்தைப் பார். பயப்பிடாதை, நான் இருக்கிறன்." இரைச்சல் எங்கள் தலைக்கு மேலே வந்து, தாண்டிப் போனது. அவர் அந்தக் குழந்தையை வாங்கி, கொடியில் கிடந்த மகன் சட்டையை எடுத்து அதைச் சுற்றிப் போர்த்தினார். சிவகாமி பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்க்காமலேயே கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கடைசியாகத் தண்ணீர் கொண்டுவந்தபோது மங்கை அக்கா என் கையில் ஒரு மூட்டையைக் கொடுத்து, முடிச்சை இறுக்கச் சொன்னார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காததைக் கவனித்து, "அதுதான்" என்றார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவர்கள் வேறு இடத்துக்குப் போகும்வரை, இரண்டு வருடம், சனிக்கிழமைதோறும் முடிச்சுப் போட்டேன். பிறகு நான் டீச்சரானபோது மதிப்பெண் பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தை எப்போதும் காலியாகவே விடுவேன். தலைமையாசிரியை திட்டுவார். நீ ஐந்தாம் வகுப்பில் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குச் சோம்பேறித்தனம் என்று சிரித்தாய்.

படிவமே வேண்டாம் என்று உனக்குச் சொல்ல எனக்கு அறிவு போதாது. தணிகாசலம் சாரின் கேள்விக்கும் பதில் வேண்டும்தான். எத்தனை மூட்டை போனது என்று கேள், அதை எழுது. மூட்டைக்குள் என்ன, யாருக்கு என்பதை அந்தப் பெண்களிடமே விட்டுவிட முடியுமா என்று உன் மேலதிகாரிகளிடம் சண்டை போடு. நீ போய் இறங்கும்போது அங்கே பாதி வேலை முடிந்திருக்கும், அதை முடித்தவர்களைத் தேடிப் பிடி. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் வெளிச்சம் என்று சொன்னால் மரத்தில் ஏறு. எழுதாதே என்று ஒருத்தி சொன்னால், அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்று நம்பு. நம்பாமல் எழுதியவள் சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் பையில் கொண்டுபோயிருந்த அந்தப் பழைய நோட்டை அன்றைக்குக் கொட்டகையிலேயே அடுப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் வேறு ஒரு நோட்டில் மூன்றே வரி எழுதினேன். என்னிடம் இப்போதும் இருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை, பொய்யும் இல்லை. "நேற்றுச் சாயங்காலம் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். எட்டு மணிக்கு, விமானம் எதுவும் வராதபோது, தூங்குவதற்காக விளக்குகள் அணைக்கப்பட்டன."